மூன்று மூட்டை உப்பு, இரண்டு தார் வாழை

உப்பளத்து ஊரான வெள்ளளத்தைச் சுற்றிச் சவ்வு வளர்ந்தது ஒரு சனிக்கிழமை என்பதால்தான் ஊர் தப்பித்தது. வேறு கிழமையாக இருந்திருந்தால் அதைக் கடக்கிற வழி யாருக்கும் பிடிபட்டிருக்காது. அன்று காலை பால்காரரின் சைக்கிள் ஊர் எல்லையில் வெறும் காற்றில் முட்டிப் பின்னால் வர, அவர் போட்ட கூப்பாட்டில் ஊரே ஓடியது. தபால் ஆபீஸ் சண்முகவேல் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து ஊறுகிறவர். கோவணத்தோடும் உச்சி முதல் உள்ளங்கால் வரை வடிகிற நல்லெண்ணெயோடும் ஓடிவந்தவர், நிற்க நினைத்த இடத்தில் நிற்க மாட்டாமல் வழுக்கி, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் பால்காரரின் காலடியில் போய் விழுந்தார். எழுந்து மானத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அதே வழுக்கலில் திரும்பி உள்ளேயும் வந்துவிட்டார். மறு கையால் இழுத்த பால்கேன் மட்டும் வரவில்லை. எண்ணெய்க்கு வழி உண்டு, தண்ணீர் சுமந்ததற்கு வழி இல்லை என்று ஊர் அப்படித்தான் தெரிந்துகொண்டது.

வெயில் சாய்வாக விழும்போது அது கண்ணில் படும், காய்ச்சின பால்மேல் படிகிற ஆடை மாதிரி. கடற்கரையில் தொடங்கி, உப்புப் பாத்திகளின் கடைசி வரப்பைச் சுற்றி, கோயில் கோபுரத்துக்கு மேலே கவிந்து, கிணறு வெட்டுகிறவர் சொன்னபடி மண்ணுக்குக் கீழேயும் போய், ஊரை மொத்தமாக மூடியிருந்தது. அதற்குச் சவ்வு என்று பேர் சொன்னவர் எஸ்தர் டீச்சர். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர், பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியைக் கொண்டுவந்து சவ்வோடு அணைத்துவைத்து ஊரையே வரிசையில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். உருண்டைத் தலையும் இரண்டு வாலுமாகக் கோடானுகோடிப் பொடிசுகள் இரண்டு வரிசையாக நின்றன. ஒரு வரிசை தலையை ஊர்ப்பக்கம் வைத்திருந்தது, மறு வரிசை தலையை வெளியே வைத்திருந்தது, வால்கள் எல்லாம் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நின்றன என்று சொல்வதும் தப்பு, இருந்த வரிசையிலேயே நழுவி நழுவி ஓடிக்கொண்டிருந்தன.

"யாரு டீச்சர் இதுகள அடுக்குனது?" என்று ஒருவர் கேட்டார்.

"யாரும் அடுக்கல. அதுங்க தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அந்த ஒரு குணத்தால அதுங்களே சேந்து நிக்குது. நம்ம உடம்புல ஒவ்வொரு உயிரணுவையும் சுத்தி இதுதான் இருக்கு. இல்லன்னா நாம எல்லாரும் கரைஞ்சு போயிருப்போம்."

அதைக் கேட்டு அங்கே நின்ற பெண்கள் தங்கள் கையைத் தாங்களே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள்.

பிரமிப்பு ஒருபக்கம், பிழைப்பு ஒருபக்கம். ஒரு மாதத்துக்குள் ஊர் சவ்வோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டது. எண்ணெய்ச் செட்டியார் கடையைச் சவ்வோரமாக மாற்றிக்கொண்டார். காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் எண்ணெயில் ஊறின பழைய துணியோடு வழுக்கி வெளியேறி, அந்தப் பக்கம் போட்டிருந்த ஓலைக் கொட்டகையில் குளித்து உடை மாற்றி பஸ் ஏறினார்கள். எஸ்தர் டீச்சர் எண்ணெய் வழிய வந்து பாடம் எடுத்தார், பிள்ளைகள் நோட்டெல்லாம் பிசுக்கு. சவ்வில் அங்கங்கே குழிவான வாய்கள் திறந்திருந்தன. உப்பளத்துக்காரர்களுக்குத் தெரிந்த பேர் மடை, அதனால் அவற்றுக்கும் மடை என்றே பேர். ஒரு மடையில் தண்ணீர் மட்டும் வந்தது, ஒரு மடை அரிசியைக் கேட்டு வாங்கி உள்ளே விட்டது. ஒவ்வொரு மடைக்கும் ஒரு சாமான்தான், வேறெதை வைத்தாலும் சும்மா இருக்கும். மடைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நேற்று வேப்பமரத்தடியில் இருந்தது இன்று சுடுகாட்டுப் பாதையில் மிதந்துகொண்டிருக்கும், தேடித்தான் போக வேண்டும்.

எண்ணெய் தேய்த்தும் கடக்க முடியாதவர்கள் சிலர் உண்டு. அளத்தில் இறங்கி வேலை செய்கிறவர்கள். உப்பு சவ்வைத் தாண்டாது. அவர்களுக்கோ உப்பு தோலைத் தாண்டி எலும்புக்கே போயிருந்தது. ஆவுடைத்தங்கம் ஒரு படி எண்ணெயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்து பார்த்தாள். சவ்வு அவளைப் பாந்தமாக ஏந்தித் திரும்ப வரப்பில் கொண்டுவந்து வைத்துவிட்டது. அவளுக்கு வெளியே போக வேண்டிய அவசியம் மற்ற எல்லாரையும்விட அதிகம். அவள் பெற்ற ஒரே மகள் வடிவு வெளியே இருந்தாள்.

வடிவு வெளியே இருந்ததற்குச் சவ்வு காரணமில்லை. ஆவுடையின் அண்ணன் கொம்பையா ஊர்த்தலைவர், வடிவுக்குத் தாய்மாமன். தன் மகனுக்கு அவளை நினைத்துவைத்திருந்தவர். அவளோ ஆற்றங்கரைத் தோட்டங்களில் வாழைத்தார் ஏற்றுகிற சொரிமுத்துவோடு போய்விட்டாள், அவன் வேறு சாதி. கொம்பையா ஊரைக் கூட்டி, அவள் இனி எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது, யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசக் கூடாது என்று விலக்கு வைத்தார். புருஷனை இழந்த ஆவுடை அண்ணன் எதிரில் வாய் திறக்காமல் தலையைக் குனிந்தாள், குனிந்ததைச் சம்மதம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. சவ்வு வளர்ந்ததும் கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியளா? நாம வச்ச எல்லைய அம்மனே வந்து தைச்சுட்டுப் போயிருக்கா," என்றார்.

"அண்ணாச்சி, இது மதில் இல்ல," என்று எஸ்தர் டீச்சர் சொன்னார். "எதையும் உள்ள விடாத சவ்வு செத்த சவ்வு. இதுக்கு வேலையே எதை விடணும்னு பாக்கதுதான்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் கொம்பையா.

இதற்கிடையில் ஊருக்குள் உப்பு அம்பாரமாகக் குவிந்தது. லாரிகள் வெளியே நின்றன, உப்பு தாண்டவில்லை. உப்பு இருக்கிற இடத்துக்குத் தண்ணீர் ஓடிவரும் என்பது அளத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் மடை இரவும் பகலும் ஓட, கிணறுகள் வழிந்தன, வீட்டுத் தரைகள் ஓதம் காத்து நசநசத்தன, சவ்வு வயிற்றைப் போல வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் ஒரு நாள் ஊரோடு சேர்ந்து வெடிக்கும் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் உப்பு மடை அகப்பட்டது. ஒரு மத்தியானம் உப்புச் சுமந்த பெண்கள் ஒரு குழிவுக்குள் மூட்டைகளை இறக்கிவைத்து இளைப்பாற, மூன்றாவது மூட்டை விழுந்ததும் குழிவு நெளிந்தது. ஆவுடை கையிலிருந்த கருப்பட்டித் துண்டு, கடித்தது போக மீதி, தவறி அதற்குள் விழுந்தது. மடை சிலிர்த்தது, உள்வாயை மூடியது, வெளிவாயைத் திறந்தது, மூன்று மூட்டையையும் அந்தப் பக்கம் உருட்டிவிட்டது. விட்டுவிட்டு அப்படியே வாயைத் திறந்தபடி காத்திருந்தது. எதற்குக் காத்திருக்கிறது என்று தெரியவில்லை. வெளியே நின்றவர்கள் தேங்காய் வைத்தார்கள், கத்தரிக்காய் வைத்தார்கள், ஒரு கோழியைக்கூட வைத்தார்கள், கோழிதான் சத்தம் போட்டது. அப்போது பொண்டாட்டி அழுகிறாளே என்று மாமியார் உயிரோடிருக்கிறாளா எனப் பார்க்க வந்த சொரிமுத்து, லாரியிலிருந்து இறக்கின இரண்டு வாழைத்தாரையும் தோள் வலிக்கு அதில் சாய்த்தான். மடை வெளிவாயை மூடி, உள்வாயைத் திறந்து, இரண்டு தாரையும் ஆவுடையின் காலடியில் கொண்டுவந்து வைத்தது.

அன்றிலிருந்து அதுதான் கணக்கு. மூன்று மூட்டை உப்பு வெளியே போகும், இரண்டு தார் வாழை உள்ளே வரும், ஒவ்வொரு தரமும் ஒரு துண்டு கருப்பட்டி. வாழை வராவிட்டால் மடை திரும்பாது. கருப்பட்டி போடுகிற வேலையை ஆவுடைக்குக் கொடுத்தார்கள், வாழை கொண்டுவருகிற வேலையைச் சொரிமுத்து எடுத்துக்கொண்டான். ஊருக்கு வாழைப்பழம் அலுத்துப்போய், பூவைப் பொரித்து, காயைக் கூட்டு வைத்து, வறுத்து, மாட்டுக்கும் போட்டது. விலக்கு வைக்கப்பட்டவளின் புருஷன் கொண்டுவந்த தார் எல்லா வீட்டு உத்தரத்திலும் தொங்கியது, தாரைத்தானே வாங்குகிறோம், முகம் கொடுத்தா பேசுகிறோம் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டார்கள்.

சில நாளில் வடிவும் லாரியில் கூட வந்தாள். ஆவுடை முதல்முறை அவளைச் சவ்வு வழியாகப் பார்த்தபோது மகள் வயிறு மேடிட்டிருந்தது. பேசக் கூடாது என்பதால் பேசவில்லை. உள்ளங்கையைச் சவ்வில் வைத்தாள், வடிவு அந்தப் பக்கம் தன் கையை வைத்தாள், இரண்டு கைக்கும் நடுவே ஒரு சூடு பரவியது, சவ்வு அந்த இடத்தில் ஒரு கிண்ணம் அளவுக்கு உள்ளே குழிந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது. ஆவுடை அன்று கருப்பட்டி போட வேண்டிய இடத்தில் கண்ணீரையும் சேர்த்துப் போட்டாள், மடை குறை சொல்லவில்லை.

அந்தக் குழிவின் அர்த்தம் ஊருக்குப் புரிந்தது ஒரு வெள்ளாட்டினால். மேய்ச்சலுக்குப் போய் வெளியே மாட்டிக்கொண்ட ஆடு சவ்வில் முதுகைத் தேய்த்துக் கத்த, வளர்த்த வீட்டார் உள்ளேயிருந்து அதன் பேரைச் சொல்லிக் கையை வைக்க, நாலைந்து கை சேர்ந்ததும் சவ்வு குழிந்து, ஆட்டைச் சுற்றி வளைந்து, தன்னிலிருந்தே ஒரு துண்டைப் பையாகக் கட்டி, பைக்குள் ஆட்டை வைத்து, பையைத் தன்னிடமிருந்து அறுத்து உள்ளே விட்டது. அறுத்த இடத்தில் ஒரு தழும்புகூட இல்லை. அந்தக் குமிழி தெருவில் மிதந்து வந்து தொழுவத்துச் சுவரில் பட்டுக் கரைந்தது. பிறகு ஒரு பசுவுக்கு ஒரு தெருவே கை வைக்க வேண்டியிருந்தது. வா என்று நினைத்து வைத்த கைதான் செல்லும், வேடிக்கைக்கு வைத்த கையைச் சவ்வு கண்டுகொள்வதேயில்லை. வடிவுக்கு எத்தனை கை வேண்டும் என்று ஆவுடை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். சூலி அவள், எண்ணெய் தேய்த்து வழுக்கி வரலாமென்றால் பால்கேன் மாதிரிதான், பனிக்குடத்துக்கு யார் எண்ணெய் தேய்ப்பது? கைதான் வழி. ஊர் முழுக்கக் கை வைத்தால் ஒருவேளை நடக்கும்.

ஐப்பசி அடைமழையில் மேற்கே ஒரு குளம் உடைந்து சாலையெல்லாம் ஆறானது. ஒரு காலை ஆவுடை மடையைத் தேடி மேற்கு வரப்புக்குப் போனபோது வெளியே இடுப்பளவு தண்ணீரில் மினி லாரி சாய்ந்து நின்றது. வடிவுக்கு விடியலிலேயே வலி எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, பாலம் மூழ்கி, திரும்பவும் முடியாமல், மேடென்று நினைத்து இங்கே வந்து மாட்டியிருந்தார்கள். சொரிமுத்து அவளைக் கையில் தாங்கிச் சவ்வோரமாக நின்றான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஊர் கூடிவிட்டது, ஆனால் வடிவுக்காக இல்லை. இரண்டு நாளாக வாழை வரவில்லை, மடை வெளிவாயைத் திறந்தபடி நின்றது, உப்பு குவிந்து, தண்ணீர் ஏறி, சவ்வு தலைக்குமேல் விண்ணென்று இழுபட்டு முனகத் தொடங்கியிருந்தது. கொம்பையா குடையோடு முன்னால் வந்தார்.

"ஏ ஆவுட, லாரில தாரு கிடக்குல்லா? மொதல்ல அதப் போடச் சொல்லு. மத்தத பொறவு பாத்துக்கிடுவோம்."

ஆவுடை அண்ணனைப் பார்த்தாள். இத்தனை நாள் குனிந்த தலை அவளுக்கே தெரியாமல் நிமிர்ந்தது.

"எம்புள்ள தண்ணிக்குள்ள நின்னு துடிக்கா. ஒங்களுக்குத் தாரு கேக்குதா அண்ணே? நான் கருப்பட்டி போட மாட்டேன். ஊரு வெடிக்கட்டும்."

அண்ணன் எதிரில் யாரும் அவள் குரலை அதற்குமுன் கேட்டதில்லை. அவள் மடையை விட்டு விலகிவந்து இரண்டு கையையும் விரித்துச் சவ்வில் வைத்தாள். கிண்ணம் அளவுக்குக் குழிந்தது, அதற்குமேல் இல்லை.

அப்போது சொரிமுத்து என்ன செய்தான் என்றால், ஒரு கையால் வடிவை அணைத்துக்கொண்டு, மறு கையால் லாரியிலிருந்து ஒரு தாரை இழுத்துப் போட்டு, அடுத்ததையும் இழுத்து, இரண்டையும் தண்ணீரில் தள்ளிக் கொண்டுவந்து மடைக்குள் வைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்திலும் இந்த ஊர் வெடித்துவிடக் கூடாதென்று அவன் ஏற்றிவந்த தார்கள் அவை. அவன் பேரம் பேசவில்லை, கெஞ்சவுமில்லை. மடை திரும்பியது, மழையில் நனைந்த இரண்டு தாரும் ஊராரின் காலடியில் வந்து நின்றன.

யாரும் அவற்றைத் தொடவில்லை. ஊருக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான், வேறு பேர் அதற்கில்லை. ஆவுடையோடு பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற மாடத்தி தலைச்சும்மாட்டைக் கீழே எறிந்துவிட்டு வந்து தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஏ வடிவு, வாட்டி உள்ள," என்றாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பேரை ஊருக்குள் யாராவது உரக்கச் சொன்னது அதுதான் முதல். பிறகு கைகள் வந்தன, காய்த்துப்போன கைகள், மருதாணி போட்ட கைகள், எண்ணெயில் ஊறின டீச்சரின் கை, சண்முகவேலின் கை, வாழைக்கறை படிந்த கைகள், எட்டாத பிள்ளைகளைத் தூக்கிப்பிடிக்க அவர்களின் கைகள். சவ்வு குடம் அளவுக்குக் குழிந்து நின்றது.

"மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு கைய வைக்காதிய!" என்று மாடத்தி கத்தினாள். "ஆகாதவுக எடுத்துருங்க!"

சிலர் எடுத்தார்கள். எடுத்துத் தங்கள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு மறுபடியும் வைத்தார்கள். கொம்பையா குடையை மடக்கவில்லை, கையை நீட்டவுமில்லை, திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் போன பிறகு சவ்வு ஒருமுறை நெடுமூச்சு விட்டது போல அதிர்ந்தது. கோடானுகோடிப் பொடிசுகள் அந்த இடத்துக்கு ஓடிவருவதை நுண்ணோக்கி இல்லாமலே எல்லாரும் கண்டார்கள், அங்கே மட்டும் சவ்வு ஒளிர்ந்தது, கிணறு அளவுக்குக் குழிந்தது, வடிவைச் சுற்றி வளைந்தது. அவள் சொரிமுத்துவின் கையை விடவில்லை. சவ்வு அந்தக் கையை எங்கே வெட்டுவது என்று யோசிக்கவேயில்லை, அவனையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

குமிழி வரப்பின்மேல் மிதந்து தெருவுக்குள் வந்தது. உள்ளே கொஞ்சம் வெள்ளத் தண்ணீரும், இரண்டு கெண்டைக்குஞ்சும், வலியில் கண்ணை மூடிய பெண்ணும், அவள் தலையை மடியில் வைத்திருந்த ஆணும். மழை நின்றிருந்தது. ஊர் சப்பரத்துக்குப் பின்னால் போவதுபோல அதன் பின்னால் நடந்தது. தன் வீட்டு வாசல் வந்ததும் ஆவுடை, "இங்கன, இங்கன!" என்று ஓடினாள். குமிழி கேட்கவில்லை. ஊரில் ஓதம் ஏறாமல் காய்ந்து கிடந்தது ஒரே ஒரு வீடுதான், மேட்டில் கட்டிய பெரிய வீடு. அது அங்கே போய் முன்கூடத்துச் சுவரில் பட்டுக் கரைந்து, இருவரையும் கொம்பையாவின் நாற்காலிக்கு எதிரில் தரையில் வைத்தது.

அவர் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். அவர் மனைவி எதுவும் கேட்காமல் பாயை விரித்து, அடுப்பில் வெந்நீர் போட்டாள். எண்ணெயில் வழுக்கிவந்த கிராம நர்ஸ் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தாள். ஆவுடை மகளின் கையைப் பிடித்தாள். நடுவில் எதுவும் இல்லாமல், வெறும் கையை.

பிள்ளை பனிக்குடத்தின் சவ்வு தலையில் ஒட்டியபடி பிறந்தது. நர்ஸ் அதை விரலால் நீக்கினாள், அது வீறிட்டது, வெளியே காத்திருந்த ஊர் "பொம்பளப் பிள்ளை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. அடுத்து சேனை வைக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதல் சீனித்தண்ணீர் தொட்டுவைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை, அதனால் ஆள் பார்த்துத்தான் வைப்பார்கள். கிண்ணத்தில் சீனியைக் கரைத்து எடுத்துவந்த கொம்பையாவின் மனைவி, பழக்க தோஷத்தில், "வீட்டுப் பெரியவுக வைக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்தப் பெரியவர் யார் என்பது அவளுக்கு உறைத்தது.

கொம்பையா கொல்லைவாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, கூரைச் சொட்டு விழுந்து தலையெல்லாம் ஈரம். அழுதிருந்தார். மெல்ல வந்து பாயருகே உட்கார்ந்து, விரலைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனார். கூடப்பிறந்த அண்ணன்தான், அழுகிற அண்ணன்தான், ஆனாலும் இந்தக் குணமா என் பேத்திக்கு என்று ஆவுடைக்கு வாய்வரை வந்துவிட்டது.

"மாமா, நில்லுங்க," என்றாள் வடிவு.

அவர் கையை எடுத்துக்கொண்டார். வடிவு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, சுருண்டிருந்த அந்தப் பொடிக்கையை மெல்லப் பிரித்து, சுட்டுவிரலைச் சீனித்தண்ணீரில் நனைத்தாள். நனைத்த விரலை மாமன் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தாள்.

கொம்பையாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எல்லாரும் பார்க்க, நாக்கை நீட்டினார்.